மலைநாட்டில் சைக்கிளா சேர்?

இந்தக் கேள்விக்கு ஐந்து வருடமாகப் பதில் சொல்லி வருகிறோம். அதிபர் கேட்டார். பக்கத்து வீட்டு நானா கேட்டார். தலவாக்கலை பஸ் தரிப்பிடத்தில் கடலை விற்கிறவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டில் உம்மா மட்டும் கேட்கவில்லை, "விழுந்து கிழுந்து வைக்காதீங்க" என்று சொன்னதோடு சரி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக இங்கே எழுதி வைக்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவது ஒருவர், மிதிப்பது இரண்டு பேர். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் ஒரே விடுதியில் இருந்தவர்கள் நாங்கள். ஒருவர் கணிதம், மற்றவர் விஞ்ஞானம். ஒருவருக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ, மற்றவருக்கு வருடத்தில் ஒரு தடவை கதிர்காமம். நியமனம் கிடைத்ததும் ஒரே தோட்டப் பாடசாலைக்கு. தலவாக்கலை டவுனிலிருந்து பாடசாலை 13 கிலோமீற்றர். லிந்துலைப் பக்கமாகப் போகும் ஏ7 வீதியில் ஒன்பது கிலோமீற்றர் வரை பஸ் உண்டு. மீதி நான்கும் தோட்டப் பாதை. அதில் பஸ் இல்லை. தேயிலை ஸ்டோர் சந்தியில் இறங்கினால் ஒன்று ஆட்டோ, இல்லாவிட்டால் நடை. நான்கு கிலோமீற்றரில் 250 மீற்றர் ஏற்றம், அதுவும் ஒரே சீராக இல்லை. பிரட்டுக் களத்துக்குக் கீழே இருக்கிற வளைவில் ஆட்டோவே முதலாம் கியரில் முக்கும்.

சைக்கிள் இரண்டும் ஜப்பானிலிருந்து வந்த பழையவை. 2021இல் கொழும்பில் ரீகண்டிஷன் சைக்கிள் விற்கிற கடையொன்றில் வாங்கினோம். நீண்ட தூரப் பயணத்துக்கென்றே செய்த வகை. பிரேம் உருக்கு, குரோமும் மொலிப்டினமும் கலந்தது. முன்னும் பின்னும் கரியர் பூட்ட ஓட்டைகள், தடித்த டயர் போக இடம், மட்காட், 26 இன்ச் சில்லு. சாமான் இல்லாமல் 14 கிலோ. ஒன்றின் விலை 48,000 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாகிய வருடம் அது. கொழுந்து பறிக்கிற ஒரு தாய்க்கு இந்தச் சைக்கிள் 48 முழுப்பேர். பிள்ளைகள் "எவ்வளவு சேர்?" என்று கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவோம்.

சரி, மலை எப்படி ஏறுகிறது? காலில் பலம் இருப்பதால் என்று நினைக்கிறார்கள். எங்களில் ஒருவருக்கு வயிறு வைத்திருக்கிறது, மற்றவர் வகுப்பறைப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர். விஷயம் பல்லில் இருக்கிறது.

சாதாரண சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சில்லு ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும், வண்டி ஐந்து மீற்றருக்கு மேல் போகும். யாழ்ப்பாணத்துக்கு அது அருமை. இங்கே மூன்றாவது வளைவில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். எங்கள் சைக்கிளில் முன்னால் மூன்று பல்சில்லுகள்: 44, 32, 22. பின்னால் இருப்பதில் பெரியது 34. செயினை 22க்கும் 34க்கும் கொண்டுவந்தால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 1.3 மீற்றர் சொச்சம்தான் நகரும். போகும் தூரம் நாலில் ஒரு பங்கு, காலுக்கு வேண்டிய அழுத்தமும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. தரம் 10இல் படிப்பிக்கிற அதே நெம்புகோல் கணக்குத்தான்.

டெர்வ்லா மேர்ஃபி என்ற ஐரிஷ் பெண்மணி 1963இல் அயர்லாந்திலிருந்து டில்லி வரைக்கும் சைக்கிளில் வந்தார். கியர் வழியில் கெட்டுப்போகும் என்று புறப்படுமுன் அதைக் கழற்றியே விட்டார். கணவாய்களில் தள்ளியும் தூக்கியும் கடந்தார். பெரிய மனுஷி, சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு டில்லி போய்ச்சேர ஆறு மாதம் இருந்தது. எங்களுக்கு 7.30க்குக் காலைக் கூட்டம்.

அந்தச் சின்னப் பல்லில் நிமிடத்துக்கு 60 தரம் மிதித்தால் 80 மீற்றர், அதாவது மணிக்கு 4.8 கிலோமீற்றர். இதை முதலில் கணக்குப் பார்த்தபோது சிரித்தோம், மனுசன் நடக்கிற வேகம்தானே இது. அந்த வேகம் எங்களுக்கு என்ன செய்தது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

கீழ்ப் பிரிவு லயங்களிலிருந்து பிள்ளைகள் காலை ஆறரைக்கே மேலே ஏறத் தொடங்கும். ஆட்டோவில் போன காலத்தில் அந்தப் பிள்ளைகள் எங்களுக்கு ஓரமாக ஒதுங்கி நிற்கிற வெள்ளைச் சட்டைகள். கை காட்டும், நாங்களும் காட்டுவோம், அவ்வளவுதான். சைக்கிளில் ஏறும்போது அவர்களைத் தாண்டிப் போக முடியாது. அவர்களும் எங்களைத் தாண்டுவதில்லை. சின்னதுகள் கரியரைப் பிடித்துத் தள்ளும், பெரியதுகள் பக்கத்தில் நடக்கும். ஐம்பது நிமிடம். எந்த அதிபரும் நேரசூசியில் இப்படியொரு பாடவேளை போட்டதில்லை.

பிள்ளைகள் மேசைக்கு முன்னால் நிறுத்திக் கேட்டால் ஒன்றும் சொல்லாது. பக்கத்தில் நடக்கும்போது, முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதபோது, எல்லாம் சொல்லும். ஏழாம் வகுப்புப் பிள்ளையொன்று ஏன் தினமும் பிந்தி வருகிறது என்று அங்கேதான் தெரிந்தது. தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வருகிறது, அம்மா குவைத்தில். திங்கட்கிழமைகளில் பசி கூட என்றும் அங்கேதான் தெரிந்தது, ஏனென்றால் பாடசாலைச் சாப்பாடு சனி, ஞாயிறு இல்லை. ஒருநாள் தரம் 9 கூட்டத்தில் ஒருவன் குறைந்தான். கேட்டோம்.

"அவன் வரமாட்டான் சேர். கொழும்புக்குப் போகப் போறான். கடையில வேலையாம்."

"எப்ப?"

"ஞாயித்துக்கெழம."

அன்று வியாழன். வரவுப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே இரண்டு சுழியம் மட்டும்தான் விழுந்திருந்தது. பதிவேட்டை நம்பியிருந்தால் அடுத்த மாதம் கடிதம் எழுதியிருப்போம். தோட்டத்துப் பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போவது புதினமில்லை, மலையகத்தில் படிப்பிக்கிற எல்லோருக்கும் தெரியும். போனவன் தீபாவளிக்குப் புதுச் சட்டையோடு வருவான், பாடசாலைக்கு வரமாட்டான். அன்று பின்னேரமே அந்த லயத்துக்குப் போனோம். அது எங்கள் பாதையில் இல்லை, அடுத்த டிவிசன். ஆறு கிலோமீற்றர் குறுக்குப் பாதை. அந்தத் தூரத்தை ஒருநாள் போய்ப் பார்த்ததும் பாதிக் கதை விளங்கியது. இவன் தினமும் போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றேகால். மழைக்காலத்தில் அட்டைக்கடி. வீட்டுக்கு வரும்போது இருட்டு. எந்தப் பிள்ளைக்குத்தான் கொழும்பு இனிக்காது?

அவன் கதைக்குப் பிறகு வருகிறோம்.

2022ஐச் சொல்லாமல் இந்தப் பதிவு முடியாது. அதுவரை எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்த ஜூன் மாதம் சிரிப்பை நிறுத்தினார்கள். ஜூன் 26இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். விலையாவது பரவாயில்லை, பெற்றோலே இல்லை. ஷெட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் வரிசை டவுனைத் தாண்டிக் கிடந்தது. ஆட்களுக்கு இரவும் அங்கேதான். ஜூலையில் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். பாடசாலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்து, திறந்தபோது வாரத்தில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் எங்கள் பாடசாலையில் யார் நின்றது? தோட்டத்திலேயே குடியிருக்கிற இரண்டு டீச்சர்மார், அதிபர், நாங்கள். ஐந்து பேர், பதினொரு வகுப்பு. மண்டபத்தில் எல்லாரையும் ஒன்றாக இருத்தி ஒருவர் கணக்குச் செய்ய, மற்றவர் கரும்பலகையின் அடுத்த பாதியில் தாவரக் கலம் கீறினோம். கடைகளில் சாதாரண சைக்கிளே எங்கள் 48,000ஐத் தாண்டியிருந்தது.

இதை வைத்து "ஆசிரியர்கள் எல்லாரும் சைக்கிள் வாங்கினால் தீர்ந்தது" என்று யாரோ எழுதியதைப் பார்த்தோம். தீராது. ஹட்டனிலிருந்தும் கினிகத்தேனையிலிருந்தும் வருகிற, கைக்குழந்தை வைத்திருக்கிற டீச்சர்மாரைச் சைக்கிளில் ஏறச் சொல்ல எங்களால் முடியாது. தோட்டப் பாதைக்கு பஸ் வேண்டும், பாதையில் தார் வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். பஸ் வருகிற நாளில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு நாங்கள் பின்னால் மிதித்து வருகிறோம்.

ஏற்றத்தைப் பற்றியே எல்லாரும் கேட்கிறார்கள். பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. 2023 ஜனவரியில் நானுஓயாவில் பஸ் மோதி 7 பேர் மௌத்தான செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். இந்த மலைகளில் இறங்குகிற எதுவும் பிரேக்கை நம்பித்தான் இறங்குகிறது. இதை நாங்கள் தரம் 10க்குக் கணக்காகவே கொடுப்போம். ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து 90 கிலோ. 250 மீற்றர் இறங்குகிறது. அழுத்தசக்தி எவ்வளவு? 90ஐ 9.8ஆல் பெருக்கி 250ஆல் பெருக்கினால் 220,500 யூல். அது எவ்வளவு என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்காது. 20 பாகையில் இருக்கிற 650 மில்லிலீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும், மூன்று நான்கு பேருக்குப் பிளேன்டீ ஊற்றலாம் என்று சொன்னால் விளங்கும். மெதுவாக இறங்கினால் அதில் பெரும்பங்கு ரிம்மிலும் பிரேக் ரப்பரிலும் சூடாகப் போய்ச் சேர்கிறது. ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு இறங்காதே, முன்னையும் பின்னையும் மாறி மாறிப் பிடி, நேரான இடத்தில் விடு, வளைவுக்கு முன்னால் பிடி. மே மாதம் தொடங்கி தென்மேல் பருவ மழையில் பாதைச் சேறும் மணலும் ரப்பரில் ஒட்டி அரைத்துவிடும். அந்த மாதங்களில் எங்களுக்கு ஒரு சோடி ரப்பர் ஆறு கிழமைதான் வரும். செயினுக்குக் கிழமைக்கு இரண்டு தடவை எண்ணெய். வேறு செலவு பெரிதாக இல்லை.

நோன்பு காலத்தில் எப்படி என்று பலர் கேட்டீர்கள். தோட்டப் பாடசாலைகளுக்கு ரமழானில் விடுமுறை கிடையாது. காலையில் ஏறும்போது ஒன்றும் தெரியாது, ஸஹர் வயிற்றில் இருக்கும், குளிரும் இருக்கும். பின்னேரம் இறக்கம். அல்லாஹ்வின் கிருபையால் பாடசாலையை மேலேயும் வீட்டைக் கீழேயும் வைத்திருக்கிறான். நோன்பில்லாத நண்பர் அந்த மாதம் முழுக்கத் தண்ணீர்ப் போத்தலை வீட்டில் விட்டுவிட்டு வருவார். வேண்டாம் என்று சொன்னால் கேட்பதில்லை.

தூரப் பயணங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறோம். பேராதனையில் தொடங்குகிற ஏ5 வீதி நுவரெலியாவையும் பதுளையையும் கடந்து செங்கலடியில் முடிகிறது என்று புவியியல் புத்தகத்தில் படித்திருக்கிறோம். நுவரெலியாவிலிருந்து கடைசி வரை ஏறத்தாழ 200 கிலோமீற்றர். ஒரு ஆகஸ்ட் விடுமுறையில் அதைப் போய்ப் பார்த்தோம். ஏறாவூரில் கல்லூரி நண்பர் ஒருவரின் வீடு இருந்தது, போக அதுவே ஒரு சாட்டு.

நானுஓயா ஏற்றத்தில் மழை. நுவரெலியாவில் மழை. 1,868 மீற்றர் உயரத்தில் நின்று, ஈரக் கையுறையோடு பிளேன்டீ குடித்தோம். ஹக்கலையைத் தாண்டி இறங்க இறங்க மேகம் பின்னால் நின்றுவிட்டது. கெப்பெட்டிபொலையில் வெயில், வெலிமடையில் புழுதி! தென்மேல் மழை இந்தப் பக்கத்து மலையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது, அந்தப் பக்கம் காய்ந்த காற்றுத்தான் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு இந்த மாதங்களில் தனி வாசம் வருவதும் அந்தக் காற்றால்தான். பரீட்சைக்காக எத்தனை தடவை எழுதியிருப்போம். அன்றைக்கு அதை முதுகுத் தோலில் படித்தோம்: ஒரே காலையில் நனைந்த சட்டை ஒரு மணித்தியாலத்தில் காய்ந்தது.

முதல் இரவு பதுளை. இரண்டாம் நாள் பசறை, லுணுகலை என்று மறுபடி மலை, மறுபடி 22 பல். லுணுகலைக்குப் பிறகு கரியர் கம்பி ஒன்று மரைப் பூட்டுக்குப் பக்கத்தில் முறிந்து பை சில்லில் உரசத் தொடங்கியது. சைக்கிள் டியூப் துண்டால் கட்டிக்கொண்டு பிபிலை வரை போனோம். அங்கே கேட் செய்கிற பட்டறை ஒன்று. கரியர் உருக்கு என்பதால் அந்த மனிதர் பத்து நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்தார். அலுமினியமாக இருந்திருந்தால் கையை விரித்திருப்பார். எங்கள் உடைந்த சிங்களத்தில் நுவரெலியாப் பக்கமிருந்து வருகிறோம் என்று சொன்னதும் காசு வாங்க மறுத்துவிட்டு, பிரேமையும் தட்டிப் பார்த்து, "ஹொந்த யகட" என்றார். நல்ல இரும்பு.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "உருக்கு பிரேம் உடைந்தால் எந்தப் பட்டறையிலும் ஒட்டலாம்" என்று சொல்வார்கள். கரியருக்குச் சரி, பிரேமுக்குக் கவனம். அல்பிரட் ரெனோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1897இல் ஒரு குழாய்க்குக் காப்புரிமை எடுத்தார்: இரண்டு முனையும் தடிப்பு, நடுப்பகுதி மெல்லிசு. நல்ல சைக்கிள்களில் இன்றும் அந்த முறைதான். நடுவில் ஒரு மில்லிமீற்றர் கூட இருக்காது. கேட் ஒட்டுகிற ஆர்க் வெல்டிங்கை அதில் வைத்தால் ஓட்டை விழும். கேஸில் பித்தளை உருக்கிப் பற்று வைக்கத் தெரிந்த பழைய ஆளைத் தேடிப் போங்கள். ஹட்டனில் அப்படி ஒருவர் இருக்கிறார், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு.

மூன்றாம் நாள் பதியத்தலாவை, மஹாஓயா. மலை முடிந்துவிட்டது. கச்சான் காற்று முதுகில் பிடித்துத் தள்ள, நாங்கள் வாழ்க்கையில் பாவிக்காத 44 பல்லில் ஓடினோம். பிரயாணிகள் என்பதால் லுஹரையும் அஸரையும் ஒரு சின்னப் பள்ளியில் சேர்த்துக் கஸ்ராகத் தொழ, நண்பர் வெளியே வேப்ப மரத்தடியில் இரண்டு சைக்கிளுக்கும் காவலிருந்தபடியே தூங்கிப்போனார். மக்ரிபுக்கு முன்னால் செங்கலடிச் சந்தி. ஏறாவூரில் அன்றிரவு சாப்பிட்ட மீன் ஆணத்தைப் பற்றி எழுதினால் தனிப் பதிவு வேண்டும். திரும்பி வரும்போது சைக்கிள்களை பஸ்ஸின் கூரையில் போட்டுக்கொண்டு வந்தோம். மறைக்க என்ன இருக்கிறது, கச்சானுக்கு எதிராக யார் மிதிப்பது?

இனி அந்தப் பையன். அன்றைக்கு அவன் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றபடியே பேசினார். "படிக்கட்டும்னுதான் சேர் எனக்கும் ஆச. இவன் நடந்து நடந்து ராத்திரியில காலு வலிக்குதுனு அழுவுறான். கொழும்புல ஒக்காந்து வேல செய்யலாம்னு சொல்றாங்க." அவருக்குப் பதில் சொல்ல எங்களிடம் அறிவுரை இருந்தது. அறிவுரையால் ஆறு கிலோமீற்றர் குறையாது. அவனுக்கு ஒரு மாதம் தவணை கேட்டோம். தலவாக்கலையில் பழைய இரும்புக் கடையில் ஒரு பிரேம், எங்கள் பழைய பல்சில்லுகள், ஏறாவூர் நண்பர் அனுப்பிய ஹேண்டில். பூட்டியது அவன்தான், பாடசாலை விட்ட பிறகு, எங்கள் ஆய்வுகூட மேசையில். ஒன்றரை மணித்தியாலம் இப்போது முப்பத்தைந்து நிமிடம். அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். கணக்கில் சுமார், இயந்திரங்கள் பாடத்தில் மட்டும் கையை உயர்த்தியபடி இருப்பான்.

அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள், அதே டிவிசன். இரண்டு பிரேம் கிடைத்துவிட்டது. ரிம்தான் இல்லை. யாருடைய வீட்டுக் கொல்லையிலாவது 26 இன்ச், 36 ஓட்டை ரிம் கிடந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். நெளிந்திருந்தாலும் பரவாயில்லை, கம்பி இழுத்து நிமிர்த்திவிடலாம். ஆனால் அலுமினியமாக இருக்கவேண்டும். நிக்கல் பூசிய பழைய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்காது. அந்தப் பிள்ளைகளின் பாதை முழுக்க இறக்கம்.